சேர்விடாப்பும் கணினியும்

நேயர்களே, பாடசாலை அலுவலகத்தின் இரும்பு அலுமாரியிலே மிகப் பத்திரமாகப் பூட்டி வைக்கப்படும் புத்தகம் எது என்று கேட்டால், சேர்விடாப்பு என்றே எந்த அதிபரும் விடை கூறுவார். பிள்ளை பாடசாலையிற் சேரும் நாளில் அதிலே ஒரு வரி எழுதப்படுகின்றது. அவ்வரிக்குரிய சேர்விலக்கம் பிள்ளை விடுகைப் பத்திரம் பெற்று வெளியேறும் வரை மாறுவதில்லை. வரவு இடாப்போ ஆண்டுதோறும், வகுப்புத்தோறும் புதிதாக எழுதப்படுவது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தவர்க்குப் பாடசாலை முகாமைத்துவ மென்பொருளிலே மாணவரைப் பதியும் முறை பாதி விளங்கிவிட்டது எனலாம்.

ஏனெனில், அங்கும் பிள்ளை வேறு, பிள்ளையின் வகுப்புப் பதிவு வேறு. பெயர், பிறந்த திகதி, பெற்றோர் விபரம் ஆகியன ஒரேயொரு முறை எழுதப்படும். இன்ன ஆண்டில், இன்ன தரத்தில், இன்ன பிரிவில் இருக்கிறார் என்பது ஆண்டுக்கு ஒரு பதிவாக அதனோடு இணைக்கப்படும். ஆதலால் கல்வியாண்டு, தரம், பிரிவு ஆகியவற்றை முதலில் அமைத்துக்கொண்ட பின்னரே மாணவரை அவற்றுட் சேர்க்க இயலும். கல்வியாண்டின் தொடக்கமும் முடிவும் எவையென நாமே குறித்தல் வேண்டும். தை மாதம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது தவறு. பெருந்தொற்றின் விளைவாக 2022 ஆம் ஆண்டுக்குரிய கல்வியாண்டு நமது நாட்டிலே ஏப்ரலில் தொடங்கி, மறு ஆண்டு மார்ச்சில் முடிந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

பெயர்களால் வரும் தொல்லை தனிக்கதை. பழைய பட்டியல்கள் பல பாமினி எழுத்துருவில் அமைந்தவை. திரையிலே தமிழாகத் தோன்றினும் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக்களே. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றாமல் மென்பொருளில் ஏற்றினால், "தமிழ்ச்செல்வி" என்று தேடும் எழுதுவினைஞருக்கு ஒருவரும் அகப்படார். உடனே அவர் அப்பிள்ளையைப் புதிதாகப் பதிந்துவிடுவார். ஒரு பிள்ளை இருவராவது இப்படித்தான். பெயரைக் கொண்டு தேடாது, சேர்விலக்கத்தையும் பிறப்புச் சான்றிதழையும் கொண்டு தேடுவதே பாதுகாப்பு.

இருவராவதிலும் கொடியது, இல்லாதவர் இருப்பவராவது. ஆண்டிறுதியில் ஒரு பொத்தானை அழுத்தியவுடன் தரம் 8 இல் உள்ள அனைவரும் தரம் 9 க்குச் செல்வர். வேலை மிக எளிது, ஆபத்தும் அங்கேதான். இரண்டாம் தவணையோடு பள்ளியை விட்டு மீன்வாடிக்கோ கடைக்கோ வேலைக்குச் சென்ற சிறுவனும் அந்த வரிசையில் மேலேறி விடுகிறான். 2016 முதல் நமது நாட்டிலே 16 வயது வரை கல்வி கட்டாயம். ஆயினும் பட்டியலில் அவன் பெயர் இருக்கும்வரை அவனைத் தேடி வீட்டுக்குச் செல்ல எவருக்கும் தோன்றாது.

இடம்பெயர்ந்து செல்லும் பிள்ளையின் நிலை வேறு. 1995 இல் வலிகாமத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் தென்மராட்சியிலும் வன்னியிலும் வெவ்வேறு பாடசாலைகளிற் பயின்றனர். அத்தகையோர் திரும்பி வருகையில் புதிய பெயராக எழுதலாகாது. பழைய வரியின் கீழேயே புதிய ஆண்டுப் பதிவு சேரவேண்டும். "விலகினார்" என்று குறிப்பதற்குப் பதிலாக அழித்துவிட்டவர்களுக்கு அந்த வரி திரும்பக் கிடையாது.

எனவே பொத்தானை அழுத்துமுன் வகுப்பாசிரியர் கடைசி மாத வரவு இடாப்பை மடியில் வைத்துக்கொண்டு, திரையிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாக உரத்து வாசிக்கட்டும். நாற்பது பெயர்களுக்கு அரை மணி நேரம் போதும்.