கடைசிப் பால் ஊற்றும் முன்... உஷார்!

வீட்டு நாய் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. கட்டிலுக்கடியில் போய் முடங்கிக் கிடக்கிறது. கீழ்த்தாடை தொங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது, எதையோ விழுங்கப் பார்த்துத் திணறுகிறது. "தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு போல" என்கிறார் தாத்தா. அப்பா அதன் வாயைப் பிளந்து, விரலை விட்டுத் தேடுகிறார். எலும்பு எதுவும் இல்லை. மறுநாள் நாயால் எழுந்து நிற்கவும் முடியவில்லை. இனி பிழைக்காது என்று தெரிந்ததும் அம்மா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பஞ்சில் நனைத்த பாலை வாயில் பிழிகிறார். பிள்ளைகள் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்து அழுகிறார்கள்.

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைப் பக்கத்துத் தெருக்களில் தொடங்கி, கெடிலக்கரை ஊர்கள், கடலூர், சிதம்பரம் வரை நாய் வளர்க்கும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது இது. அந்தப் பாசத்தில் குற்றமே இல்லை. ஆனால் நாய்க்கு வந்திருப்பது ரேபிஸ் என்னும் வெறிநோயாக இருந்தால், வழியனுப்ப உட்கார்ந்த அத்தனை பேரின் உயிருக்கும் ஆபத்து வரலாம். நாய் யாரையும் கடிக்கவில்லை என்பதால், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் வராது. அதுதான் பயங்கரம்.

கடிக்காத வெறியும் உண்டு

வெறிநாய் என்றால் துரத்தித் துரத்திக் கடிக்கும் என்றே நினைக்கிறோம். அது ஒரு வகை. இன்னொரு வகையில் நாய் சத்தமில்லாமல் சோர்ந்து, இருட்டான மூலை தேடிப் படுக்கும். தொண்டைத் தசை செயலிழப்பதால் விழுங்க முடியாது, குரைப்பு கம்மிப்போகும், கால்கள் தளரும். எலும்பு மாட்டியதாகத் தோன்றுவதும் இதனால்தான். "தண்ணியப் பாத்து பயப்படலையே, அப்ப வெறி இல்ல" என்று சொல்வதும் தவறு. தண்ணீரைக் கண்டு மிரள்வது மனிதர்களுக்கு வரும் அறிகுறி. வெறிபிடித்த நாய் தண்ணீர்க் கிண்ணத்தில் வாய் வைக்கும்.

சோர்ந்து படுக்கும் நாய்க்கெல்லாம் ரேபிஸ் என்று சொல்லவில்லை. பார்வோ, டிஸ்டெம்பர், சிறுநீரகக் கோளாறு என்று எத்தனையோ நோய்கள் இருக்கின்றன. எது என்று சொல்ல வேண்டியவர் கால்நடை மருத்துவர். அவர் பார்த்துச் சொல்லும்வரை வாய்க்குள் கை விடாதீர்கள்.

எச்சில் போதும்

கிருமி இருப்பது எச்சிலில். கீறல் இல்லாத தோலில் பட்டால் கழுவிவிட்டால் போதும். கண்ணிலோ, உதட்டிலோ, வாயிலோ, ஆறாத புண்ணிலோ பட்டால், மருத்துவக் கணக்கில் அது ஆழமான கடிக்குச் சமம். கரும்பு வெட்டும் ஊர் இது. சோகை கிழிக்காத கை எத்தனை பேருக்கு இருக்கிறது? குழந்தைகளோ முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுகிறவர்கள்.

அறிகுறி தெரிய பெரும்பாலும் 2 முதல் 3 மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். வந்துவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை. உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதில் ஏறக்குறைய 40 சதவீதம் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள்.

"நாய்தான் செத்துப்போச்சே!"

இந்த வார்த்தையை நம்பாதீர்கள். கடித்த நாய் 10 நாள் கழித்தும் நன்றாக இருந்தால்தான் நிம்மதி. பத்து நாளுக்குள் செத்தால் அதுவே அபாய மணி. நாயோடு பயமும் போய்விட்டது என்று எண்ணி, போடத் தொடங்கிய வெறிநோய்த் தடுப்பூசியைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

உடனே செய்ய வேண்டியவை

• எச்சில் பட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள், பச்சிலை எதுவும் வேண்டாம்.

• அன்றே அரசு மருத்துவமனைக்கு அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் நான்கு தவணை. ஒன்றையும் தவறவிடாதீர்கள்.

• கடி, ரத்தக் காயம், கண்ணிலோ வாயிலோ ஆறாத புண்ணிலோ எச்சில் பட்டது என்றால் இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தும் தேவை. அங்கே இல்லையென்றால் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்க் கேளுங்கள்.

• நடந்து சில வாரம் ஆகிவிட்டதா? அப்போதும் போங்கள்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பயந்து ஒதுங்க வேண்டாம். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்தை இந்தியா 2004-ன் கடைசியோடு கைவிட்டது. தென்னாட்டில் சிகிச்சை இல்லாமல் 1902-ல் ரேபிஸால் ஒரு பெண் இறந்த பிறகுதான், 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்தது. இன்று மருந்து நம் ஊர் ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கிறது. அது தெரியாமல் ஒரு உயிர் போகலாமா?

எப்படி வழியனுப்புவது?

நாயைத் தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். அடிக்காதீர்கள், தெருவில் துரத்திவிடாதீர்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962-ஐ அழையுங்கள். வலியில்லாமல் தூங்கவைப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஜன்னல் வழியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், பேசுங்கள், அழுங்கள். அத்தனை வருடம் கேட்ட குரல் அதற்குத் தெரியும். பால் ஊற்றுவது மட்டும் வேண்டாம். இறந்தபின் கையுறை போட்டு, ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். கெடிலத்திலோ வாய்க்காலிலோ வீசாதீர்கள்.

பூனை வளர்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். மூன்று மாதக் குட்டியிலேயே தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொல்லும் தேதியில் திரும்பப் போட்டுவந்தால், அதன் கடைசி நாளில் தலையை மடியில் வைத்துக்கொள்ள இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை.

விரல் விட்ட அப்பா, பால் பிழிந்த அம்மா, முத்தம் கொடுத்த பிள்ளைகள் என்று உங்கள் வீட்டிலும் இருந்தால் காரியம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குழி வெட்டும் முன்பே எல்லோரும் ஊசிக்குக் கிளம்புங்கள்.