கணக்கில் வராத தேமல்
(நகரமும் நோய்களும் - 7)

தொழுநோயைத் தேடி இந்த வாரம் பெங்களூரின் தென்கோடி, ஆனேக்கல் தாலுகா. பொம்மசந்திரா, ஜிகணி, அத்திப்பள்ளி என்று தொழிற்பேட்டைகள். அவற்றை ஒட்டி லேபர் ஷெட்டுகள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்களோடு நம் கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்களும் இங்கே பிழைக்கிறார்கள்.

தொழுநோய்க் கிருமி உடலில் புகுந்து அறிகுறி காட்டச் சராசரியாக 5 ஆண்டு ஆகும். சிலருக்கு 20 ஆண்டுகூட. எங்கோ தொற்றியது ஜிகணியில் உணர்ச்சியற்ற தேமலாகத் தெரியலாம். வெளியூர்க்காரன் கொண்டுவந்தது என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் நம் தமிழ்நாட்டிலேயே செங்கல்பட்டுப் பக்கம் இந்நோய் மலிந்திருந்ததால்தான் 1955-ல் பெல்ஜிய டாக்டர் ஹெமெரிக்ஸ் பொளம்பாக்கம் வந்து, ஊர் ஊராக மரத்தடியில் வைத்தியம் பார்த்தார். அதை நாம் மறந்துவிட்டோம்.

2005 டிசம்பரில் இந்தியா தொழுநோயை ‘ஒழித்தது’. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்பதே அதன் இலக்கணம். 2011 கணக்கெடுப்பில் பெங்களூரு நகர மாவட்டத்தில் 96 லட்சம் பேர். அப்படியானால் 960 பேர் வரை சிகிச்சையில் இருந்தாலும் ‘ஒழிந்தது’ என்றாகிவிடும்! அந்த எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சிகிச்சையில் இருப்பவர்களைத்தான் அது எண்ணுகிறது. 1990களின் இறுதியில் கடுமையான வகைக்கான சிகிச்சைக் காலத்தை 24 மாதத்திலிருந்து 12 ஆகக் குறைத்தபோது, நோய் குறையாமலே பதிவேடு மெலிந்தது. புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 2001-ல் 6 லட்சத்துக்கு மேல். 2005-ல் சுமார் 1.6 லட்சம். இத்தனை மெதுவாக வளரும் நோய் நாலே வருடத்தில் இப்படிச் சரியுமா? வீடு வீடாகத் தேடுவது அப்போது குறைந்துபோனது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே ஆனேக்கலில் எண்ணிக்கை குறைவு என்று யாராவது சொன்னால், நான் வேறு இரண்டைக் கேட்பேன். கண்டறியப்பட்டவர்களில் குழந்தைகள் எத்தனை பேர்? இருந்தால், நோய் இன்றும் பரவுகிறது. கண்டறியும்போதே விரல் மடங்கியவர்கள், கண் மூடாதவர்கள் எத்தனை பேர்? இருந்தால், நாம் தாமதமாகப் போயிருக்கிறோம்.

தொழுநோயாளிகளை வீடு வீடாகத் தேடும் இயக்கத்தில் ஆஷா பணியாளருடன் ஓர் ஆண் ஊழியரும் வருவார். சட்டையைக் கழற்றி முதுகு வரை பார்க்க வேண்டுமே. ஆனால் அவர்கள் வரும் பகலில் ஷெட்டில் பாதிப்பேர் ஷிப்டில் இருப்பார்கள், மீதிப்பேர் தூங்குவார்கள். நோய் தெரிந்தாலும் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம் மருந்து. அதற்குள் கான்ட்ராக்டர் வேறு ஊருக்கு மாற்றிவிடலாம். ஊர் மாறுகிறவருக்குப் பல மாத மாத்திரை அட்டைகளை மொத்தமாகக் கொடுத்தனுப்ப அரசின் தொழுநோய்த் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. கேட்டு வாங்கத்தான் ஆளில்லை.

ஷெட் வைத்திருப்பவர்களுக்கும் கான்ட்ராக்டர்களுக்கும் ஒரு வார்த்தை: தேடுகிறவர்களை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி, கதவைத் திறந்துவிடுங்கள். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே மற்றவருக்குத் தொற்றுவது நின்றுவிடும். யாரையும் வேலையிலிருந்து நிறுத்தத் தேவையில்லை; ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தும் இலவசம்.