டர்போ லொறிக்குத் தண்ணீர் இன்டர்கூலர் ஏன்?

பள்ளிவாசல்துறையிலிருந்து மீன் ஏற்றிக் கொழும்புக்கு ஓடும் டர்போ டீசல் லொறிக்கு மூச்சே பலம். ஆனால் டர்போ செய்வதுபோல் காற்றை அமுக்கினால் அது சுடும். சைக்கிள் பம்பின் அடியைத் தொட்டவருக்குத் தெரியும். டர்போவை விட்டு வெளியேறும் காற்று 130 பாகை செல்சியஸைத் தொடலாம். சூடான காற்று ஐதானது, ஒட்சிசன் குறைவு. அதே அமுக்கத்தில் இன்டர்கூலர் அதை 50 பாகைக்குக் குளிர்வித்தால் அடர்த்தி கால் பங்கு கூடும். அதற்கேற்ப டீசலையும் கூட்டி எரிக்கலாம், புகையில்லாமல்.

ஏன் தண்ணீர்? ஒரே கனஅளவில் காற்றைவிட 3,000 மடங்குக்கும் அதிகமான வெப்பத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். அதனால் கூலர் சிறிதாகும், குழாய்கள் குறுகும். கடலில் ஓடும் பெரிய டீசல் எஞ்சின்களுக்கு இது பழைய ஏற்பாடு. சுற்றிலும் 28 பாகைக் கடல்நீர் இருக்கிறதே!

லொறிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எஞ்சினின் ரேடியேட்டர் தண்ணீர் 80, 90 பாகைச் சூட்டில் இருப்பது, அது உதவாது. தனித் தண்ணீர், தனி மின்பம்பு, இன்னொரு ரேடியேட்டர் வேண்டும். கடைசியில் அந்தத் தண்ணீரையும் வெளிக்காற்றுதான் ஆற்ற வேண்டும். அது சிலிண்டருக்குள் கசிந்தாலோ ஆபத்து: தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ரொட் வளையும். உப்புக்காற்று ரேடியேட்டர் தகடுகளையும் அரிக்கும்.

நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓடும் லொறிக்குக் காற்றால் குளிரும் சாதாரண இன்டர்கூலரே போதும். முன்பக்கம் அதற்கு இடமே இல்லாவிட்டால் மட்டும் தண்ணீரை யோசியுங்கள்.