சுயவிபரக் கோவை வரையுமாறு

வாவிக்கரையில் வாழும் நம்மவர்க்கு உத்தியோகம் என்ற சொல் நெடுங்காலமாக அரசாங்க உத்தியோகம் ஒன்றனையே குறித்து வந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் எழுதுவினைஞர் பரீட்சையிற் சித்தியெய்தியவன் வாழ்வில் நிலைபெற்றவனாகவே மதிக்கப்பட்டான். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் அவ்வாயிலை ஒடுக்கிற்று. 1977இல் வந்த திறந்த பொருளாதாரம் வேறு வாயில்களைத் திறந்தது. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் மட்டுநகரிற் சத்தியாக்கிரகம் இருந்தமையையும், 2022இன் பொருளாதார நெருக்கடி அரசின் கையை இறுக்கியமையையும் நாம் கண்டோம். வங்கி, பாசிக்குடாவின் விருந்தினர் விடுதிகள், கணினித்துறை, கடல் கடந்த நாடுகள் எனத் தொழில் இன்று பலதிறப்பட்டுள்ளது. அவ்விடங்களுக்கு நமக்கு முன்னே சென்று நமக்காகப் பேசுந் தூது சுயவிபரக் கோவையே. அதனை வரையும் முறை பற்றிச் சில கூறுவாம்.

முதலில் ஒரு வேறுபாட்டை அறிதல் வேண்டும். வர்த்தமானியில் விளம்பரமாகும் அரச பதவிக்கு அங்கே தரப்பட்ட மாதிரிப் படிவத்தையே இம்மியும் பிசகாது பின்பற்றுக. தனியார் நிறுவனத்துக்கோ அத்தகைய படிவம் பெரும்பாலும் இல்லை. எதை முன்வைப்பது, எதை விடுப்பது என்பதை நாமே தீர்மானிக்கின்றோம். நம் மாணாக்கர் இடர்ப்படுவது இவ்விடத்திலேயாம்.

சுயவிபரக் கோவை பிறப்பு முதலாக எழுதும் வாழ்க்கை வரலாறன்று. வேண்டுவோனுடைய தேவைக்கு நாம் கூறும் விடையாகும். 1482ஆம் ஆண்டளவில் லியொனார்டோ டா வின்சி மிலான் நகரத்து ஆட்சியாளருக்கு எழுதிய விண்ணப்பத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். பாலம் அமைத்தல், போர்ப்பொறி செய்தல் முதலியவற்றையே அவர் முன்னர் அடுக்கினார். ஓவியத் திறனை இறுதியிலேதான் குறித்தார். ஆட்சியாளருக்கு அன்று வேண்டியவை எவையென அவர் அறிந்திருந்தார்.

நம் மண்ணிலேயே இதனினும் அணுக்கமான உதாரணம் உண்டு. 1892இற் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராயினார். அவர்தம் தகைமைகளை விஞ்ஞான ஆசிரியப் பதவிக்கு எழுதுவோமாயின் விஞ்ஞானப் பட்டம் முன்னிற்கும். தமிழ்ப் பேராசிரியப் பதவிக்காயின் பண்டிதப் பட்டம் முன்னிற்கும். உண்மை ஒன்றே, வரிசையே மாறுவது. ஆதலின் ஒரே பிரதியை எல்லா இடத்துக்கும் அனுப்புதல் தவறு.

அமைப்பு எளிதாயிருத்தல் நன்று. இரண்டு பக்கம் போதும். பெயர், தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல் முகவரி என்பவற்றின்கீழ், விரும்பும் தொழிலும் அதற்குரிய திறனும் மூன்று வரியில் அமைக. அதன்பின் அனுபவமும் கல்வியும், அண்மையது முதலாக. பெயரின் எழுத்துக்கூட்டல் அடையாள அட்டையிலும் சான்றிதழ்களிலும் உள்ளவாறே இருத்தல் வேண்டும். தொழிற்பயிற்சி பெற்றோர் தேசியத் தொழிற்றகைமையின் மட்டத்தைக் குறிப்பிடுக. பெரிய நிறுவனங்கள் பலவற்றிற் கணினியே முதலில் விண்ணப்பங்களைச் சலித்தெடுக்கின்றது. ஆகையால் விளம்பரத்திலுள்ள தொழிற்சொற்கள், நம்மிடத்து உண்மையாக உள்ளனவாயின், அவ்வாறே இடம்பெறுக. கட்டங்களும் அலங்காரங்களும் வேண்டா.

"எமக்கு அனுபவம் யாதுமில்லையே" என இளைஞர் பலர் கூறக் கேட்கின்றோம். பெரும்போகத்திலே தந்தையாரின் வயலுக்குக் கூலிக்கணக்கு எழுதியவனும், கோயில் உற்சவத்தின் வரவு செலவைப் பேணியவனும், கடையிலே கொள்முதல் பார்த்தவனும் அனுபவமற்றவர்களா? "பொறுப்புள்ளவன்" என்பதினும் "மூன்று வருடம் திருவிழாக் கணக்கைப் பேணிப் பொதுச்சபையில் ஒப்புவித்தேன்" என்பது வலியது.

மற்றொன்று நம் பகுதிக்கே உரியது. போரினாலும் 2004 மார்கழி 26ஆந் திகதிய ஆழிப்பேரலையினாலும் கல்வி இடையறுந்தோர் நம்மிடையே பலர். அவ்வெறுமையான ஆண்டுகளை மறைக்கவும், ஆண்டெண்ணை மாற்றவும் சிலர் முனைகின்றனர். அது வேண்டா. "இடம்பெயர்வினாற் கல்வி தடைப்பட்டது; பின்னர் தொடர்ந்து சித்தியெய்தினேன்" என ஒரு வரி எழுதுக. அதில் நாணத்தக்கது யாதுமில்லை. விடாமுயற்சிக்கு அதுவே சான்று. பொய்யோ, சான்றிதழை ஒப்புநோக்கும் அன்றே வெளிப்பட்டுவிடும். மொழியறிவையும் அவ்வாறே உள்ளபடி கூறுக. சிங்களம் பேசமட்டும் தெரியுமாயின் பேசமட்டுந் தெரியுமென்க.

நற்சான்றாளர் இருவரை அவர்தம் இசைவு பெற்றே குறிப்பிடுக, உறவினர் ஆகார். அனுப்புமுன் பிறரொருவரைக் கொண்டு பிழை பார்ப்பித்தல் இன்றியமையாதது.

இவ்விடத்திற் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். வங்கியிலும் அலுவலகத்திலும் அயல்நாட்டிலும் விண்ணப்பங்களைத் தெரிந்தெடுக்கும் ஆசனத்திலே நம்மவர் பலர் அமர்ந்திருக்கின்றனர். ஆண்டுக்கு ஒரு மாணாக்கனுடைய கோவையையேனும் வாங்கி வாசித்துத் திருத்திக் கொடுப்போமாக. கல்லூரிக்கு நாம் செலுத்தவேண்டிய கடனில் இதுவும் ஒரு பங்காகும்.