ஏரிப் பாசியில் பவளத்தின் சொந்தம்

திரையன் ஏரி என்ற பெயர்தான் தென்னேரி ஆனது என்பார்கள். மழை முடிந்து அந்த ஏரி நிரம்பி நிற்கும் நாளில் கரையோரத்து வேலம்பாசியில் ஒரு கைப்பிடி அள்ளி, ஏரித் தண்ணீரோடு கண்ணாடிச் சீசாவில் போடுங்கள். அசைக்காமல் ஜன்னலோரம் அரை நாள் வைத்துப் பாருங்கள். வெளிச்சம் படும் பக்கத்தில் அரை சென்டிமீட்டர் நூல் துண்டு ஒன்று ஒட்டியிருக்கலாம். சீசாவை லேசாகத் தட்டியதும் அது புள்ளியாகச் சுருங்கினால், அநேகமாக அது ஹைட்ராதான்.

தூத்துக்குடி மீனவர்கள் 'பார்' என்று சொல்லும் பவளப்பாறைக்கும், வலையில் சிக்கிக் கையை அரிக்க வைக்கும் சொறிக்கும் (ஜெல்லிமீன்) இது நெருங்கிய சொந்தம். மூன்றும் குழியுடலிகள். உடம்பு ஒரு பை. அதற்கு ஒரே வாசல். உண்பதும் கழிப்பதும் அதன் வழியேதான். மூளை கிடையாது, நரம்பு வலைதான் உண்டு.

இந்தக் குடும்பத்துக்கு இரண்டு வடிவங்கள். ஒட்டி நிற்கும் குழாய், பாலிப். விரித்த குடையாக மிதப்பது, மெடூசா. சொறி இளமையில் பாலிப்பாக இருந்து மெடூசாவாக வளர்கிறது. ஹைட்ராவும் பவளமும் கடைசிவரை பாலிப்தான். பவளம் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பு வீடு கட்டிக்கொள்கிறது.

உறவுக்கு அடையாளம் கொட்டும் செல். அதற்குள் சுருண்டிருக்கும் ஊசி இரையின்மேல் பாய்கிறது. 2006இல் ஹைட்ராவில் அளந்தபோது, 700 நானோவினாடியில் அது வெளியே பாய்வது தெரிந்தது. அந்தச் செல் இல்லாததால் சீப்பு ஜெல்லிகள் இன்று தனித் தொகுதி. கெண்டை மீன்களின் செவுளில் வெண்கட்டி உண்டாக்கும் மிக்சோசோவா ஒட்டுண்ணிகளோ, ஒருசெல் உயிர்களின் வரிசையிலிருந்து இந்தக் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தன. ஊசியைச் சுருட்டி வைக்கும் உறை அவற்றிடமும் இருக்கிறது.

1740களில் ஆபிரகாம் டிரம்ப்ளே ஹைட்ராவைத் துண்டு துண்டாக வெட்டினார். ஒவ்வொரு துண்டும் முழு உயிராக வளர்ந்தது. வெட்டுக்கு அஞ்சாத இந்த உயிர் அழுக்குக்குத் தாங்காது. தண்ணீரில் செம்பு, காட்மியம் சிறிதளவு கலந்தாலே முதலில் உணர்நீட்சிகள் சுருங்கும், பிறகு உடல் கரையும். தண்ணீரின் நச்சை அறிய ஆய்வகங்களே இதை வளர்க்கின்றன.

மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் பவளம் வெளுத்தபோது, ஆய்வாளர்கள் கடலில் மூழ்கிக் கணக்கெடுத்தார்கள். ஏரியைக் கவனிக்க மூழ்க வேண்டாம். ஒரகடத்துத் தொழிற்சாலைகள் பெருகிவரும் தென்னேரி வட்டாரத்தில், பாடநூலில் ஹைட்ரா படம் வரையும் பிள்ளைகள் மழை முடிந்ததும் ஆண்டுதோறும் ஒரு சீசாவை ஜன்னலோரம் வைக்கட்டும். எத்தனை நூல் துண்டுகள் என்று எண்ணி நோட்டில் எழுதி வைக்கட்டும். தென்னேரியின் உடல்நலக் குறிப்பு அங்கே தொடங்கும்.