ஹெட்லைற் திருகாணி அசையாவிட்டால் என்ன செய்வது?

கட்டுக்கரைக்குளப் பக்கத்திலிருந்து நெல் ஏற்றிக்கொண்டு இரவில் மன்னார்த் தீவுக்குத் திரும்புகிறீர்கள். தள்ளாடிக்கு அப்பால் வீதியின் இருபுறமும் கடல். எதிரே ஒருவர் சைக்கிளில் வருகிறார். உங்கள் வானின் வெளிச்சம் அவர் கண்ணில் அடிக்கிறது. வீதியோரம் அவருக்குத் தெரியவில்லை. வெளிச்சம் மேலே போவதால், வீதியில் நிற்கும் கழுதை உங்களுக்கும் தெரியவில்லை.

இடப்பெயர்வுக் காலத்தில் ஓடாமல் கிடந்த வாகனங்களிலும், உப்புக்காற்றுப் படும் வாகனங்களிலும் ஹெட்லைற் திருகாணிகள் துருவேறி இறுகிவிடுவதுண்டு. ஆனால் திருகாணியில் கைவைக்குமுன் மூன்று விடயங்களைப் பாருங்கள்.

1. ரயர்களில் காற்று சரியாக உள்ளதா? பின்னால் பாரம் கூடினால் முன்பக்கம் உயர்ந்து, வெளிச்சமும் உயரும்.

2. பல்ப் சரியாகப் பொருந்தியுள்ளதா? அதன் காதுகள் உரிய பள்ளங்களில் இருக்கவேண்டும். தலைகீழாகப் போட்டால் டிம் லைற் வானத்தை நோக்கும். ஹலஜன் பல்ப்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள்.

3. விளக்கின் சட்டம் வளைந்துள்ளதா?

இவை சரியாயின், திருகாணிக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவிடுங்கள். மறுநாள் மெதுவாகத் தட்டி, இருபக்கமும் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். பலவந்தம் செய்தால் பிளாஸ்ரிக் நட்டு உடைந்துவிடும். உடைந்தால் நட்டை மட்டும் மாற்ற முடியுமா என்று கராஜில் கேளுங்கள். வட்ட விளக்கில் வளையத்தைப் பிடிக்கும் திருகாணிகள் வேறு. வெளிச்சத்தைத் திருப்பும் இரண்டு திருகாணிகள் வேறு. மேலுள்ளது உயரத்துக்கு, பக்கத்திலுள்ளது இட வலத்துக்கு.

சமதரையில், சுவரிலிருந்து 25 அடி தூரத்தில், வழமையான பாரத்துடன் வாகனத்தை நிறுத்துங்கள். விளக்கின் நடுப்பகுதி நிலத்திலிருந்து எவ்வளவு உயரமோ, அதே உயரத்தில் சுவரில் கோடிடுங்கள். டிம் லைற்றின் மேல்விளிம்பு அக்கோட்டுக்கு ஏறத்தாழ 3 அங்குலம் கீழே விழவேண்டும்.

இவ்வளவு செய்தும் எதிரே வருபவருக்குக் கண் கூசுகிறதா? நம் நாட்டில் இடப்புறம் ஓட்டுகிறோம். ஆகவே டிம் லைற் இடப்பக்கமே சற்று உயர்ந்து அடிக்கவேண்டும். வலப்புறம் ஓட்டும் நாடுகளுக்கெனச் செய்த விளக்கு வலப்பக்கம் உயர்த்தி அடிக்கும். எந்தத் திருகாணியாலும் அதைத் திருத்த முடியாது, விளக்கையே மாற்றவேண்டும். ஜப்பானிலும் இடப்புறமே ஓட்டுவதால் அந்நாட்டு விளக்குகள் நமக்குப் பொருந்தும்.

வேலை முடிந்ததும் திருகாணிகளுக்குக் கிறீஸ் பூசிவிடுங்கள். 1990 இல் தகர்க்கப்பட்ட மன்னார்ப் பாலத்துக்குப் பதிலாக 2010 இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. அவ்வழியே நடந்தும் சைக்கிளிலும் வருபவர்கள் நம் அயலவர்களே. அவர்கள் பத்திரமாக வீடு சேர்வதும் நம் கையில்தான் உள்ளது.