வீட்டாரிடம் சொல்லிவைப்போம்

வங்கிக் கணக்கு தொடங்குகையில் நியமனதாரரின் பெயரைக் குறிப்பிடுகிறோம். நமக்குப் பின் நம் சேமிப்பு எவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதை நாமே எழுதிவைத்துவிட்டால், துயரில் இருக்கும் குடும்பத்தார்க்கு அலைச்சல் குறையும். பணத்தைப் பற்றி இவ்வளவு முன்கூட்டியே எண்ணும் நாம், நம் உடலைப் பற்றி வீட்டாரிடம் எதுவும் சொல்லிவைப்பதில்லை.

அந்த மௌனம் சுமையாவது மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியேதான். விபத்தில் தலையில் அடிபட்ட ஒருவருக்கு மூளைச்சாவு ஏற்பட்டுவிட்டதென மருத்துவர்கள் அறிவிக்கின்றனர். செயற்கை சுவாசக் கருவியால் மார்பு ஏறி இறங்குகிறது; கையைத் தொட்டால் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. அந்நேரத்தில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் உறவினரை அணுகி, உறுப்புக் கொடைக்கு இசைவு கேட்கிறார். ‘அவர் என்ன விரும்பியிருப்பார்?’ என்ற கேள்விக்கு விடை தெரிந்த குடும்பம் அழுதுகொண்டே கையொப்பமிடுகிறது. விடை தெரியாத குடும்பம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்கிறது.

மூளைச்சாவு என்பது ஆழ்மயக்கம் அன்று. மூளைத்தண்டின் செயல் மீளாதவாறு நின்றுவிட்ட மரணம். 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் அதனை மரணமாகவே ஏற்கிறது. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து அதனை உறுதிசெய்ய வேண்டும். உறுப்பு மாற்று அறுவை செய்யும் மருத்துவர்கள் அக்குழுவில் இடம்பெறலாகாது.

அதே ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள், புதுதில்லியில் உள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில், மருத்துவர் பி. வேணுகோபால் தலைமையிலான குழு, இறந்தவர் ஒருவரின் இதயத்தை மற்றொருவருக்குப் பொருத்தி, நாட்டிலேயே முதன்முறையாக வெற்றி கண்டது. அதன் நினைவாக 2023 முதல் ஆகஸ்டு 3 இந்திய உறுப்புக் கொடை நாளாக அனுசரிக்கப்படுகிறது.

இதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் முதலிய உறுப்புகளால் ஒரு கொடையாளர் 8 பேர் வரை வாழ்வளிக்கக்கூடும். கருவிழி, தோல், எலும்பு, இதய வால்வு ஆகிய திசுக்களும் பிறர்க்குப் பயன்படும். வீட்டில் இயல்பாக இறந்தவரும் கண்களை வழங்கலாம். 6 மணி நேரத்துக்குள் அவை எடுக்கப்பட வேண்டும். கண் வங்கிக் குழுவினர் வரும் வரை இமைகளை மூடி, ஈரப்பஞ்சை வைத்து, மின்விசிறியை நிறுத்திவைத்தல் நலம்.

கொடைக்குப் பின் உடல் முறையாகத் தைக்கப்பட்டு, இறுதிச் சடங்கிற்காகக் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்படும். உறுப்புகளை எடுப்பதற்கான செலவு அவர்களைச் சேராது. உறுப்புக்குப் பணம் பெறுவதும் கொடுப்பதும் குற்றமாகும். அவ்வாறு கைம்மாறு கருதாமல் வழங்கியவர்க்குச் சமூகம் செலுத்தும் நன்றியாக, கொடையாளர்களின் இறுதிச் சடங்குகள் அரசு மரியாதையுடன் நடைபெறும் எனத் தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் அறிவித்தது. ஒடிசா அரசும் 2024இல் அவ்வாறே அறிவித்தது. மலர்வளையம் வாடிவிடும், ஆயினும், தம் பிள்ளையின் உடலுக்கு முன் அரசு அலுவலர் தலைவணங்கி நின்றதைப் பெற்றோர் மறப்பதில்லை.

தேசிய உறுப்பு மற்றும் திசு மாற்று அமைப்பின் இணையதளத்தில் ஆதார் வழியாக உறுதிமொழியைப் பதிவு செய்யலாம். 1800114770 என்ற கட்டணமில்லா எண்ணிலும் விவரம் பெறலாம். எனினும், நாம் பதிவு செய்திருந்தாலும் அந்நேரத்தில் உறவினரின் இசைவு கேட்கப்படும். ஆகவே பதிவு செய்த அட்டையைப் பெட்டிக்குள் பூட்டிவைப்பதால் மட்டும் பயனில்லை.

இன்றிரவு குடும்பத்துடன் உணவருந்தும்போது, நம் விருப்பத்தை இரண்டே வரிகளில் சொல்லிவைப்போம். அவர்களுடைய விருப்பத்தையும் கேட்டறிவோம். பின்னொரு நாள் அந்த முடிவை எடுக்க நேர்பவர், அன்பிற்குரியவரின் சொல்லைத்தான் நிறைவேற்றுகிறோம் என்ற ஆறுதலையேனும் பெறட்டும்.